பெயர் பிழைத்த நோய்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் தமிழாசிரியர் எவர்க்கும் புதியதன்று. நோய் இன்னதென ஆராய்தல், அந்நோயின் மூலத்தைத் தேடுதல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல், அறிந்த பின்னர்ப் பிழையாமற் செய்தல் என வள்ளுவர் வகுத்த வரிசையை மாணவர் மனப்பாடமாக ஒப்புவிப்பர். தேர்வில் பொருளெழுதி முழு மதிப்பெண்ணும் பெறுவர். அவ்வரிசை ஏன் அவ்வாறு அமைந்தது, முன்னிரண்டு படிகளுள் ஒன்று தவறினால் பின்னிரண்டும் என்னவாகும் என்று வகுப்பறையில் வினவுவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை பகர்ந்த நிகழ்ச்சி ஒன்று ஏட்டுக்கு வெளியே, ஈப்போ நகரின் புறத்தேயே, 1998-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நிப்பா நோய் என இன்று உலகம் அறியும் கொடுந்தொற்றின் வரலாறே அது. அவ்வரலாற்றின் மருத்துவப் பகுதியை மருத்துவர் எழுதிவிட்டனர். அதன் சொற்பகுதி, அதாவது எவர் என்ன சொன்னார், எவர் சொல் எடுபட்டது, எவர் சொல் எடுபடாமற் போயிற்று என்னும் பகுதி, மொழி கற்பிப்போர் திறனாய வேண்டிய ஒன்றாகும்.

ஈப்போவின் வடமேற்கே சிலிபின் வட்டாரம் தமிழர் நெடுங்காலமாக வாழும் பகுதி. லூர்து மாதா தேவாலயத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளும், இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னரும் செம்பனைக்கு மாறிய பின்னரும் பட்டணம் நோக்கி வந்த குடும்பங்களும் பேராக் மாநிலத் தமிழர் வாழ்வின் ஒரு சுருக்கம் எனலாம். அங்கிருந்து நகரைக் குறுக்கே கடந்து கிழக்கே சென்றால் தம்புன் வட்டாரத்தின் சுண்ணாம்புக் குன்றுகள் தோன்றும். பம்பளிமாசுத் தோப்புகளுக்குப் பெயர்பெற்ற அந்நிலத்திலும் அதனை அடுத்த சிற்றூர்களிலும் பன்றிப் பண்ணைகள் இருந்தன. 1998 செப்டம்பர் இறுதியிலிருந்து அப்பண்ணைகளைச் சார்ந்த மனிதர் காய்ச்சல், தலைவலி, மயக்கம் என மருத்துவமனைக்கு வரலாயினர். சிலர் சில நாள்களுக்குள்ளேயே நினைவிழந்தனர், சிலர் மீளவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் சீனர். பண்ணைகளில் கூலிக்கு உழைத்த இந்தியரும் அவர்களிடையே இருந்தனர்.

நோய்க்கு உடனே ஒரு பெயர் கிடைத்தது. 'ஜப்பானிய மூளைக்காய்ச்சல்' என்பதே அப்பெயர். அப்பெயரை இட்டோர் அறியாமையால் இட்டனர் என்று இன்று கூறுவது எளிது. ஆயினும் அது நேர்மையான கூற்றாகாது. அந்நோய் இந்நாட்டில் முன்னரே கண்டறியப்பட்டது. வயலிலும் தேங்குநீரிலும் பெருகும் ஒருவகைக் கொசு அதனைப் பரப்புகிறது. பன்றியின் உடலில் அந்நோயின் நச்சுயிரி பெருகுகிறது. பண்ணை, கொசு, மூளையழற்சி மூன்றும் ஓரிடத்தில் காணப்பட்டன. நோயாளர் சிலரின் குருதியில் அந்நோயின் அடையாளமும் தென்பட்டது. இத்தனையும் கண்ட ஒருவர் அம்முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. குற்றம் முடிவுக்கு வந்ததில் இல்லை. வந்த முடிவை விட்டு நகர மறுத்ததிலேயே உள்ளது.

பெயர் முடிவானதும் செயலும் அதன் வழியே நடந்தது. கொசுவை ஒழிக்கப் புகையடிக்கப்பட்டது. மக்களுக்கும் பன்றிகளுக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி போடப்பட்டது. சுகாதார அமைச்சின் அறிவிப்புகள் அனைத்தும் கொசுவையே குறியாகக் கொண்டிருந்தன. அச்செயல்கள் ஊக்கத்துடனும் ஒழுங்குடனும் செய்யப்பட்டன என்பதில் ஐயமில்லை. குறளின் நான்காம் படியாகிய பிழையாமற் செய்தல் பெரிதும் நிறைவேறியது. இரண்டாம் படி மட்டும் பிழைத்திருந்தது. எனவே நன்கு செய்யப்பட்ட அத்தனையும் நோயின் மீது படாமல் அருகே விழுந்தன.

இந்நிலையில்தான் எதிர்க்குரல் எழுந்தது. அது ஒரே இடத்திலிருந்து எழவில்லை. பண்ணையாளர் ஒருபுறமும், கால்நடை மருத்துவருட் சிலர் ஒருபுறமும், பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருபுறமுமாகத் தத்தம் ஐயங்களை முன்வைத்தனர். அவ்வையங்கள் ஒவ்வொன்றும் கண்ணால் கண்ட செய்தியை அடிப்படையாகக் கொண்டவை என்பது கருதத்தக்கது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கோ மடிந்தவர் உழைக்கும் வயதினரான ஆடவர். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் நோயுற்றனர். கொசு வேலியறியாதது, இனமறியாதது. பண்ணைக்கு வெகு அருகே வாழ்ந்தும் பன்றியைத் தொடாத மலாய்க்காரக் குடும்பங்கள் நோயின்றி இருந்தன. எல்லாவற்றிற்கும் மேலாகப் பன்றிகளே நோயுற்றிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் வளர்ந்த பன்றி வெளிப்படையாகத் துன்புறுவதில்லை. இங்கே அவை மூச்சிரைத்து, நாய் குரைப்பது போன்ற கடும் இருமல் இருமின. அவ்விருமல் ஒரு கல் தொலைவுக்குக் கேட்கும் என்று பொருள்படும் பெயரே பின்னாளில் அதற்கு ஏற்பட்டது.

ஒரு கல் தொலைவுக்குக் கேட்ட ஒலி தலைநகருக்குக் கேட்கவில்லை. ஏன் என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

அரசியலே காரணம் என்பர் ஒருசாரார். இன உணர்வே காரணம் என்பர் மற்றொருசாரார். பன்றி வளர்ப்பு இந்நாட்டில் எப்போதும் கூச்சத்துடன் பேசப்படும் பொருள் என்பது உண்மையே. அவை முற்றிலும் பொருந்தாக் காரணங்கள் என்று தள்ளுவதற்கில்லை. எனினும் அவற்றுக்கு முன்னதாக எளிய காரணம் ஒன்றுண்டு. பெயர் ஒரு பொருளைக் காட்டும் விரல் போன்றது. விரலின் திசையில் நோக்குவோர் பிற திசைகளை நோக்குவதில்லை. 'கொசுவால் வரும் நோய்' என்று பெயரிலேயே விடை அடங்கிவிட்ட பின்னர், பன்றியின் இருமல் செய்தியாகவே கருதப்படவில்லை. அது கேட்டது; ஆனால் பொருள்படவில்லை. சொல்லிலக்கணம் கற்பிப்போர் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் எனப் பகுத்துக் காட்டுவர். காரணம் அறியப்படுமுன் காரணப்பெயர் இடுவது எத்துணை இடர் விளைக்கும் என்பதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு நன்னூலுக்கு உரையெழுதுவோர்க்கும் கிடைப்பது அரிது.

பெயர் செயலை ஆளுவது தமிழர் வாழ்வில் புதியதும் அன்று. பெரியம்மையை 'அம்மை' என்று அழைத்த மரபை நோக்குக. நோயைத் தாயின் வருகையாகக் கொண்டதால் வாயிலில் வேப்பிலை செருகப்பட்டது. வேப்பிலை கண்ட வீட்டுக்குள் அயலார் நுழைவதில்லை. நோயாளி தனியே கிடத்தப்பட்டார். நீராட்டிய பின்னரே வெளிவந்தார். நோய்த்தடுப்பு என்னும் சொல்லை அறியாமலேயே அம்மக்கள் ஓரளவு நோயைத் தடுத்தனர். அதே பெயர் மறுபுறம் தீங்கும் செய்தது. தாயை ஊசியால் தடுப்பது பாவம் என்ற அச்சம் பல ஊர்களில் அம்மைக்குத்தலுக்கு எதிராக நின்றது. மலாயாத் தோட்டங்களில் டிரசர் ஊசிப்பெட்டியுடன் லயத்துக்கு வரும் நாளில் பிள்ளைகளை மறைத்த தாயாரும், மாரியம்மனுக்குக் கூழ் வார்த்த கையோடு பிள்ளையை அழைத்து வந்து நிறுத்திய தாயாரும் உண்டு. 1980-ஆம் ஆண்டு மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தபோது, அம்மையின் பெயர் வாழ்ந்தது, நோய் மறைந்தது. பெயரும் நோயும் ஒன்றல்ல என்பதைத் தமிழர் தம் வழிபாட்டிலேயே கண்டுகொண்டனர் எனலாம்.

பேராக்கில் பிழைத்த பெயருக்கு விலை தெற்கே கொடுக்கப்பட்டது. நோய் கொசுவினது என்றால் பன்றியை விற்பதில் தடையென்ன? அச்சமும் கடனும் நெருக்க, பண்ணையாளர் பன்றிகளை வந்த விலைக்கு விற்றனர். அவை லாரிகளில் நெகிரி செம்பிலானுக்குச் சென்றன. 1998 இறுதியிலும் 1999 தொடக்கத்திலும் சிரம்பானை அடுத்த சிக்காமட்டிலும், அதன்பின் போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக்கிலும் நோய் வெடித்தது. புக்கிட் பெலாண்டோக் அக்காலத்தில் நாட்டின் பெரும் பன்றி வளர்ப்பு வட்டாரங்களுள் ஒன்று. பேராக்கில் மடிந்தோரினும் அங்கு மடிந்தோர் பலர். 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் இறைச்சிக்கூடத் தொழிலாளர் பதினொருவர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். மலேசியாவில் மட்டும் கணக்கில் வந்த நோயாளர் 265 பேர். மாண்டோர் 105 பேர். ஐவருள் இருவர் இறந்தனர் என்பதே இதன் பொருள். கொசு ஈப்போவிலிருந்து போர்ட்டிக்சனுக்கு லாரியில் செல்லாது என்பதை எடுத்துச் சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. அதனைச் சொன்னவர்களும் இருந்தனர். ஆனால் அவர்கள் பண்ணைக்காரர், விற்பனையில் ஆதாயமுள்ளவர், ஆதலால் அவர்தம் சொல் சான்றாகாது என்று கொள்ளப்பட்டது. ஆதாயமுள்ளவன் பொய் சொல்லக்கூடும் என்பது மெய். ஆதாயமுள்ளவன் சொல்வதெல்லாம் பொய் என்பது மெய்யன்று. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியல் பயின்றுகொண்டிருந்த மருத்துவர் சுவா கோ பிங் 1999 மார்ச்சுத் தொடக்கத்தில் நோயாளரின் தண்டுவட நீரிலிருந்து ஒரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். வளர்ப்புக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருங்கலங்களாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நச்சுயிரி அவ்வாறு செய்வதில்லை. அவர் மாதிரிகளை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நடுவத்துக்கு எடுத்துச் சென்றார். மின்னணு நுண்ணோக்கியில் தோன்றிய வடிவம் கொசுவால் பரவும் குடும்பத்தைச் சார்ந்ததாக இல்லை; தட்டம்மையின் நச்சுயிரி அடங்கிய குடும்பத்தைச் சார்ந்ததாக இருந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரை அடுத்த ஹெண்ட்ராவில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற நச்சுயிரிக்கு அது நெருங்கிய உறவு. மார்ச்சு மாதத்துக்குள்ளேயே அரசு இதனை ஏற்று அறிவித்தது. நெடுநாள் மறுத்தோர் உறுதியான சான்று வந்ததும் ஏற்றுக்கொண்டனர் என்பதையும் குறிப்பிடுதல் முறை. பொதுவாழ்வில் இது அடிக்கடி காணக்கிடைக்கும் பண்பன்று.

இங்கே சுவா செய்த ஒரு செயல் தனித்து நோக்கத்தக்கது. அவர் அமைச்சு தவறு என்று மட்டும் கூறி நிற்கவில்லை. தம் ஐயத்தைச் சோதனைக்கு உட்படுத்தினார். தாம் பிரித்தெடுத்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் நச்சுயிரிதான் என்று நுண்ணோக்கி காட்டியிருந்தால் அவர் வாதம் அன்றே வீழ்ந்திருக்கும். வீழக்கூடிய இடத்தில் தம் வாதத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார் என்பதே அதன் சிறப்பு.

இதற்கு மாறானதொரு வாதமுறையில் தமிழர் பெரிதும் பழகியுள்ளனர். பட்டிமன்றம் தமிழ்ப் பேச்சுக்கலையின் அணிகலன் என்பதை மறுப்பார் இலர். 'கற்பிற் சிறந்தவர் கண்ணகியா மாதவியா' என்று இரு கட்சிகள் வாதிட, நடுவர் நகைச்சுவையுடன் தீர்ப்பளித்தால் அவை மகிழ்ந்து கலையும், எவர்க்கும் இழப்பில்லை. தொற்றுநோய்க் காலத்து வாதம் அவ்வகையினதன்று. அங்கே நடுவர் நாற்காலியில் அமர்ந்திருப்பது நோய். அது கைதட்டலைக் கேளாது, மேற்கோளுக்கு மயங்காது. எனினும் மாணவர்க்கு விவாதக் கட்டுரை கற்பிக்கப்படும் முறையைப் பார்த்தால், இருதரப்புக் கருத்துகளையும் சம எண்ணிக்கையில் அடுக்கி, இறுதியில் 'ஆகவே இரண்டுமே தேவை' என முடித்தல் சிறப்பென்று போற்றப்படுகிறது. கொசுவும் காரணம், பன்றியும் காரணம், இரண்டையும் கவனிப்போம் என்று 1999 பிப்ரவரியில் ஒருவர் எழுதியிருந்தால் அக்கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். ஒரு லாரியும் நின்றிராது.

உண்மை வெளிப்பட்ட பின்னரும் வாதம் ஓயவில்லை, இடம் மாறியது. பன்றிகளை அழிப்பதே வழி என முடிவாயிற்று. படைவீரரும் பிறரும் பண்ணைகளுக்குள் இறங்கினர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நாட்டிலிருந்த பன்றிகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அழிப்பின் முறை கொடியதென்றும், இழப்பீடு போதாதென்றும், நோயற்ற பண்ணைகளும் சேர்ந்து அழிந்தன என்றும் குறைகள் எழுந்தன. இக்குறைகளுள் நியாயம் இருந்தது. ஆயினும் நோயைத் தடுக்கும் வழி குறித்த வினாவும் இழப்பை எவர் தாங்குவது என்ற வினாவும் ஒன்றெனக் குழப்பப்பட்டமையே அவ்வாதத்தின் குறை. முன்னது அறிவியலால் தீரும். பின்னது நீதியால்தான் தீரும். பன்றிகளை அழித்தது சரி என்று நிறுவுவதால், கடன்பட்டு வளர்த்தவன் தெருவில் நின்றது சரியென்று ஆகிவிடாது. அழிப்பால் நோய் நின்றது. அதன்பின் மலேசியாவில் நிப்பா மனிதரிடையே மீண்டும் பரவவில்லை. புக்கிட் பெலாண்டோக்கின் பழைய பண்ணை நிலங்களில் செம்பனையும் டிராகன் பழமும் பயிராயின.

புதிய நோய்க்குப் புதிய பெயர் வேண்டியிருந்தது. நச்சுயிரி பிரித்தெடுக்கப்பட்ட நோயாளியின் ஊராகிய சுங்கை நிப்பாவின் பெயர் அதற்கு இடப்பட்டது. நிப்பா என்பது சதுப்பு நிலத்துப் பனைவகை ஒன்றின் மலாய்ப் பெயர்; அப்பனைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. ஊராருக்கும் அதில் குற்றமில்லை. நோய் முதலிற் கண்டதோ பேராக்கில். பெயர் தாங்கியதோ நெகிரி செம்பிலானின் ஒரு சிற்றூர். இன்று தமிழ்நாட்டு நாளேடுகளில் 'நிபா' என அச்சாகும்போது அது கேரளத்து நோயென்று எண்ணுவோரே மிகுதி. ஊர்ப்பெயராலும் இனப்பெயராலும் நோயை அழைத்தல் ஆகாதென உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் நெறிமுறை வகுத்தது. 2020 பிப்ரவரியில் புதிய நோய்க்குக் 'கோவிட்-19' என ஊரற்ற பெயர் சூட்டியதும் அந்நெறிப்படியே.

ஆயினும் வழக்கம் நெறியை எளிதில் வென்றுவிடுகிறது. 2020 ஆகஸ்டில் கெடா மாநிலத்தில் தோன்றிய தொற்றுத் திரள் ஒன்றுக்குச் 'சிவகங்கா' என்று பெயரிடப்பட்டது. இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவர் தனிமைப்படுத்தும் விதியை மீறியது அதன் தொடக்கம். நீதிமன்றம் அவருக்குத் தண்டனை வழங்கியது, அது முறையே. ஆனால் வேலு நாச்சியாரின் சீமையாகிய சிவகங்கையின் பெயர் நாள்தோறும் செய்தியில் நோயின் பெயராக ஒலித்தது. வேற்றினத்தார் அதனை வெறும் குறியீடாகவே கொண்டிருக்கலாம். தமிழ்ப்பிள்ளைக்கோ அது பாட்டன் ஊர். ஒருவர் செய்த பிழையைச் சீமை சுமந்தது. இவ்விடத்தில் தமிழர் எழுப்பிய வருத்தம் நியாயமானது. அதே வருத்தம் சுங்கை நிப்பாவுக்கும் உரியது என்பதை எத்தனை பேர் எண்ணினர் என்பது வேறு வினா.

கோவிட் காலத்து வாதம் நிப்பாக் காலத்து வாதத்தைத் தலைகீழாக்கியது போன்றது. இம்முறை நோயின் பெயரும் மூலமும் விரைவில் தெளிவாயின. நச்சுயிரியின் மரபுக்குறியீடு 2020 சனவரியிலேயே உலகறிய வெளியிடப்பட்டது. குறளின் முதலிரு படிகள் கைகூடின. பிணக்கு மூன்றாம், நான்காம் படிகளில் எழுந்தது. 2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் கைவிடப்பட்டது. பள்ளியை மூடுதல் உயிரைக் காக்கும் என்றனர் ஒருசாரார். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டில் கல்வி மடியும் என்றனர் மற்றொருசாரார். இருசாரார் கூற்றும் உண்மை. ஒன்று மற்றொன்றை மறுக்கவும் இல்லை. உயிரிழப்பைக் கணக்கிடும் அளவுகோல் இருந்தது. முதலாம் ஆண்டில் எழுத்தறியத் தொடங்கிய பிள்ளை இழந்ததை அளக்கும் கோல் எவரிடமும் இருக்கவில்லை. அளக்க முடிந்ததே வாதத்தில் வென்றது. தோட்டப்புறப் பள்ளிகளின் ஆசிரியர் இதனைத் தம் வகுப்புகளில் பின்னர்க் கண்டனர்.

பின்னர்த் தடுப்பூசி குறித்த பிணக்கு வந்தது. 2021 பிப்ரவரி 24-இல் மலேசியாவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அந்நாள்களில் கைப்பேசிகளில் உலவிய தமிழ்ச் செய்திகளின் தன்மை கவலைக்குரியது. ஊசி மலடாக்கும் என்றும், உடலில் கருவி புதைக்கும் என்றும், கபசுரக் குடிநீரே போதும் என்றும் அவை கூறின. கபசுரக் குடிநீர் சித்த மருத்துவ மரபில் காய்ச்சலுக்கு உரியது. 2020-இல் தமிழ்நாட்டு அரசே அதனை மக்களுக்கு வழங்கிற்று. காய்ச்சலின் துன்பத்தைத் தணிக்கும் என்பது ஒரு கூற்று. தொற்றையே தடுக்கும் என்பது மற்றொரு கூற்று. முன்னதன் மதிப்பைப் பின்னதற்குக் கடனாகக் கொடுத்தல் வாதமாகாது. மரபின் மீதுள்ள பற்று இக்கடனை எளிதில் மறைத்துவிடுகிறது. தமிழார்வலரே இதில் மிகுதியும் வழுக்கினர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

இவ்விடத்தில் ஒருவர், 1999-இல் அமைச்சு தவறவில்லையா, அன்று தடுப்பூசி போட்டவரும் மாளவில்லையா, ஆகவே இன்று மட்டும் எங்ஙனம் நம்புவது என்று வினவலாம். வினா கூரியது; புறந்தள்ளத்தக்கதன்று. நிப்பாக் கதையை அரைகுறையாகக் கற்பித்தால் மாணவர் இம்முடிவுக்கே வருவர். ஐயம் எல்லாம் ஒன்றல்ல என்பதே இதற்கு விடை. புக்கிட் பெலாண்டோக்கின் ஐயம் கண்ணால் கண்டவற்றிலிருந்து பிறந்தது: இறந்தோர் யார், இருமியது எது, நோயின்றி இருந்தவர் எவர் எனப் பெயரும் இடமும் சுட்டிக் காட்டியது. சோதனைக்கு ஆட்பட்டது, சோதனையில் வென்றது. 2021-இல் கைப்பேசியில் வந்த ஐயம் எவரும் பெயர் அறியாத மருத்துவர் ஒருவரின் வாய்மொழியிலிருந்து பிறந்தது. ஒரு செய்தி பொய்யென நிறுவப்பட்டால் அடுத்த செய்திக்குத் தாவியது. எந்தச் சான்று வந்தால் தான் பிழை என ஒப்புக்கொள்ளும் என்று அது ஒருபோதும் கூறவில்லை. முன்னது அமைச்சை எதிர்த்தது, பின்னதும் அமைச்சை எதிர்த்தது என்பதைத் தவிர இரண்டிற்கும் பொதுவானது ஒன்றுமில்லை. 2021 முடிவதற்குள் நாட்டின் வயதுவந்தோருள் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர்; வாய்ச்சொல்லில் ஐயுற்றோரும் வரிசையில் நின்றனர் என்பது இதிலிருந்து புலனாகும். அவ்வாறு நில்லாதோர் சிலர் இல்லங்களில் நேர்ந்த இழவு ஊரறிந்தது. அதனை விரித்தல் வேண்டா.

2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோட்டு வட்டாரத்தில் நிப்பா தோன்றியபோது நிகழ்ந்தது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோயுற்றதைக் கண்ட மருத்துவர் வழக்கமான மூளைக்காய்ச்சல் எனப் பெயரிட்டு அமையவில்லை. மாதிரிகள் உடனே ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. சில நாள்களில் நோயின் பெயர் உறுதியாயிற்று. பதினெழுவர் மாண்டனர் எனினும் தொற்று ஓரிரு மாவட்டங்களைக் கடக்கவில்லை. பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர் லினி, முதல் நோயாளருட் சிலரைப் பேணித் தாமும் அந்நோய்க்கு இரையானார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என எண்ணிய வள்ளுவர் அருகிருந்து பேணுபவனையும் நான்காவதாக ஏன் எண்ணினார் என்பதை விளக்க அவர் பெயர் ஒன்றே போதும். கேரளம் விரைந்து செயற்பட்டதற்கு மலேசியாவின் 105 மரணங்கள் முன்னரே எழுதிவைத்த பாடமும் ஒரு காரணம்.

எஞ்சியது மூலத்தின் மூலம். பன்றிக்கு நோய் எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவாலே அந்நச்சுயிரியின் இயல்பான உறைவிடம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. சுவாவும் உடன்பணியாற்றியோரும் தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரைச் சேகரித்து அதில் நச்சுயிரியைக் கண்டனர். நோய் தொடங்கிய ஈப்போப் பண்ணையைப் பற்றிய விரிவான ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. அப்பண்ணையில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள் நடப்பட்டிருந்தன. பன்றியும் மாம்பழமும் என இரட்டை வருவாய்க்காகச் செய்த ஏற்பாடு அது. இரவில் வௌவால்கள் வந்து பழங்களைக் கடித்தன, கடிபட்டவை கொட்டகைக்குள் விழுந்தன, பன்றிகள் தின்றன. பண்ணை பெரியதாகவும் புதிய குட்டிகள் ஓயாது பிறப்பதாகவும் இருந்தமையால் நோய் ஒருமுறை வந்து அணைந்துவிடாமல் நிலைத்து எரிந்தது. 1998-இல் கொசுப்புகை அடிக்க வந்தவர்கள் அம்மரங்களின் நிழலில்தான் நின்றிருப்பர். எச்சில் மாம்பழங்களைக் காலைதோறும் கூட்டி அள்ளும் வேலை கொட்டகைக் கூலிகளுடையது. அவர்களிடம் எவரும் மாம்பழத்தைப் பற்றிக் கேட்டதாக எந்த ஏட்டிலும் பதிவில்லை.